பீ.எச். மானிக்கு முத்திரை குத்துவது யார்?

கடைத் தராசைச் சோதித்து முத்திரை குத்த அரசாங்கத்தில் ஒரு திணைக்களமே இருக்கிறது. முத்திரை இல்லாத தராசில் அரைக் கிலோ மீன் வாங்கவும் நாம் யோசிப்போம். ஆனால் வீட்டு மீன் தொட்டிக்கென்று வாங்கிய, பேனா மாதிரி இருக்கும் பீ.எச். மானி 7.2 என்று காட்டினால் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். அதற்கு முத்திரை குத்துவது யார்? வைத்திருப்பவர்தான். ஏன் என்று விளங்க, அந்தக் கருவி வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

புளித்தால் அமிலம், கையில் வழுவழுத்தால் காரம். நீண்ட காலம் மனிதனுக்கு இருந்த சோதனை இதுதான். காரத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'அல்கலி' அரபுச் சொல்லில் இருந்து போனது. உவர் நிலச் செடிகளை எரித்த சாம்பலை அரபிகள் அப்படி அழைத்தார்கள். அந்தச் சாம்பலில் இருந்துதான் சவர்க்காரம் செய்தார்கள்.

1664இல் றொபேட் பொயில் என்ற விஞ்ஞானி, தாவரச் சாறுகள் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டுவதை எழுதி வைத்தார். நமது பாடசாலை ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத்தாளும் அந்த வழியில் வந்ததே. ஆனால் நிறம் 'எந்தப் பக்கம்' என்று சொல்லுமே தவிர, 'எவ்வளவு' என்று சொல்லாது.

எண் பிறந்தது 1909இல். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் பியர் கம்பனி நிறுவிய ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் பீ.எச். அளவுகோலைத் தந்தார். நொதியங்கள் அமிலத்தன்மையின் சிறு மாற்றத்துக்கும் வேறுவிதமாக நடந்துகொண்டதால் அவருக்கு அது தேவைப்பட்டது. அந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். அளவுகோலைத் தந்தவரே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தாங்கற் கரைசல்களையும் சேர்த்தே தந்தார். ஆகவே அளவு திருத்தம் பிறகு ஒட்டிய வேலை அல்ல. அளவுகோலுடன் கூடப் பிறந்தது.

அதே 1909இல் ஜேர்மனியில் ஹாபர், கிளெமென்சிவிச் என்ற இருவர் கண்ணாடி மின்வாய் பற்றி எழுதினார்கள். நமது வயலுக்குப் போடும் யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவைக் காற்றின் நைதரசனில் இருந்து எடுக்க வழி கண்டவரும் இதே ஹாபர்தான். ஆனால் மெல்லிய கண்ணாடி இலகுவில் உடைந்தது. தடித்த கண்ணாடியில் வந்த மின்சைகையோ அளக்க முடியாத அளவு சிறியது.

1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் திண்டாடிய கிளென் ஜோசப், தன் பழைய கல்லூரி நண்பர் ஆர்னோல்ட் பெக்மனிடம் உதவி கேட்டார். சாற்றில் சேர்த்த கந்தகவீரொட்சைட்டு பாசிச்சாயத்தாளை வெளிற வைத்துவிடும். பெக்மன் வானொலிப் பெட்டியில் இருப்பது போன்ற வெற்றிடக் குழாய்களால் மின்சைகையைப் பெருக்கினார். தடித்த, உறுதியான கண்ணாடியைப் பயன்படுத்த வழி பிறந்தது. 1935இல் அந்தக் கருவி 195 டொலருக்கு விற்பனைக்கு வந்தது.

இன்று நம் கையில் இருக்கும் பேனாவின் நுனியிலும் அதே கண்ணாடிக் குமிழ்தான். அதன் குணம் மாறவில்லை.

முதலாவது, அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு ஈரத்தில்தான் வேலை செய்யும். காயவிட்டால் பிழையாகவும் தாமதமாகவும் காட்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊற வைப்பதும் கூடாது. அது மின்வாயின் உள்ளே இருக்கும் உப்பை வெளியே இழுத்துவிடும். மூடிக்குள் சில துளி பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் விட்டு மூடி வையுங்கள். 22.4 கிராம் உப்பைக் கரைத்து 100 மில்லிலீற்றராக்கினால் போதும். தற்காலிகமாக 4ஆம் இலக்கத் தாங்கற் கரைசலும் உதவும்.

இரண்டாவது, கண்ணாடி வயது போகும். புதிய மின்வாய் 25 பாகை செல்சியசில் ஒரு பீ.எச். படிக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று தரும். பழசானால் குறையும். அதனால் ஒரு புள்ளியில் திருத்துவது போதாது. முதலில் 7, அடுத்து தொட்டி நீர் எந்தப் பக்கமோ அதற்கேற்ப 4 அல்லது 10. இடையில் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கரைசலும் கெடும். 10ஆம் இலக்கம் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை இழுத்து இறங்கிவிடும். பாவித்ததைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள்.

இதெல்லாம் ஒரு மீனுக்காகவா என்று கேட்கலாம். மீன் கழிவில் இருந்து வரும் அமோனியாவின் நச்சுப் பங்கு, பீ.எச். 7இல் இருந்து 8க்கு ஏறும்போது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. மானி ஒரு படி பிழைத்தால், நஞ்சைப் பாதுகாப்பு என்று நம்பி இருப்போம். அல்லது நல்ல நீரில் தேவையில்லாத மருந்தை ஊற்றி நாமே மீனைக் கொல்வோம்.

மீன் தொட்டியை விடப் பெரிய கவலை ஒன்றும் எங்களுக்கு உண்டு. நல்ல மனதுடன் பாடசாலைக்குக் கொடுக்கப்படும் பீ.எச். மானி, ஊற வைக்கும் கரைசல் இல்லாமல் அலுமாரியிலேயே காய்ந்துபோகலாம். பிறகு கிணற்று நீரை அளக்கும் பிள்ளை பிழையான எண்ணைக் கொப்பியில் எழுதும். கருவி அன்பளிப்புச் செய்ய நினைக்கும் பழைய மாணவர்களே, அதனுடன் 7, 4, 10 கரைசல்களையும் பொற்றாசியம் குளோரைட்டுப் போத்தல் ஒன்றையும் சேர்த்தே கொடுங்கள். அடுத்த வருடம் அந்தப் போத்தல்கள் முடிந்துவிட்டனவா என்று ஒருமுறை வந்து கேளுங்கள்.