எரிபொருள் குழாயும் பணயத் தொகையும்

அமெரிக்காவில் மின்சாரத்தையும் எரிபொருளையும் கொண்டுசெல்லும் அமைப்புகளுள் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. ஆதலால், முடங்கினால் நாட்டின் பொருளாதாரமே நிலைகுலையக்கூடிய இத்தகைய ‘முக்கியக் கட்டமைப்புகளை’ இணையத் தாக்குதலிலிருந்து காப்பது குறித்து 1998 மே மாதம் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை, அரசும் நிறுவனங்களும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வேண்டியதே தவிர, நிறுவனங்களின் மீது எந்தக் கட்டாயத்தையும் சுமத்தவில்லை. 2012இல் பாதுகாப்புத் தரங்களை வகுக்க வந்த மசோதா, வணிக அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பணிந்து கட்டாயக் கூறுகளைக் கைவிட்ட பின்னரும், செனட் சபையைத் தாண்டவில்லை.

எரிபொருள் குழாய்களின் நிலை இன்னும் மோசமானது. 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பின் முதன்மையாக விமானப் பயணத்தைக் காப்பதற்கென உருவான போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடமே அவற்றின் பாதுகாப்பும் ஒப்படைக்கப்பட்டது. அந்நிர்வாகம் வெளியிட்டவையோ விரும்பினால் பின்பற்றத்தக்க வழிகாட்டுதல்கள் மட்டுமே. அதன் குழாய்ப் பாதுகாப்புப் பிரிவில் 2014இல் ஒரே ஒரு பணியாளர் அளவுக்கே ஆள்பலம் இருந்ததாக நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் 2018 டிசம்பரில் அறிவித்தது. லட்சக்கணக்கான மைல் நீளமுள்ள குழாய்களுக்கு இதுவே காவல் என்றிருந்ததை, கவனக்குறைவு என்பதைவிடக் கொள்கைத் தேர்வு என்றே கொள்ள வேண்டும்.

அத்தேர்வின் விலை 2021 மே 7 அன்று தெரிந்தது. ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரை ஏறத்தாழ 5,500 மைல் ஓடி, கிழக்குக் கரையின் எரிபொருளில் 45 விழுக்காட்டைக் கொண்டுசேர்க்கும் கலோனியல் குழாய் நிறுவனத்தின் கணினிகளில், டார்க்சைட் என்ற குழுவின் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணயத் தொகை கேட்கும் நச்சுநிரல், பரவியது. பழைய தொலையணுகல் கணக்கு ஒன்றுக்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு சரிபார்ப்பு இல்லாமையே அதற்கு வழிவிட்டது. தாக்கப்பட்டவை அலுவலகக் கணினிகளே. ஆயினும் குழாயை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் அது பரவிவிடுமோ என்றஞ்சி நிறுவனமே ஓட்டத்தை நிறுத்தியதால், தென்கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்கள் பல வறண்டன. நிறுவனம் 75 பிட்காயினை, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலரை, கொடுத்தது; அதில் 63.7 பிட்காயினை நீதித்துறை ஜூன் மாதத்தில் மீட்டது.

இருபதாண்டுகளுக்கு மேல் நகராத சட்டம் சில வாரங்களில் நகர்ந்தது. நிகழ்வை 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று குழாய் நிறுவனங்களுக்கு மே மாத இறுதியிலேயே உத்தரவு பிறந்தது. 2022 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்கள் பெருந்தாக்குதலை 72 மணி நேரத்துக்குள்ளும், பணயம் கொடுத்ததை 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று விதித்து, விரிவான விதிகளை வகுக்கும் பணியை இணையப் பாதுகாப்பு முகமையிடம் விட்டது.

எனினும், பணயம் கொடுப்பதே குற்றமாகுமா என்ற கடினமான வினாவை அச்சட்டம் தொடவில்லை. தடைப் பட்டியலில் உள்ளோருக்குப் பணம் சென்றால், பெறுபவர் யாரென அறியாது கொடுத்தவரும் அபராதத்துக்கு ஆளாகலாம் என்று கருவூலத் துறை 2020 அக்டோபரிலேயே எச்சரித்திருந்தது. வட கரோலினா 2021லும் புளோரிடா 2022லும் தத்தம் அரசு அமைப்புகள் பணயம் கொடுப்பதைத் தடைசெய்தன; குழாயை நடத்தும் தனியார் நிறுவனத்துக்கு அத்தடைகள் பொருந்துவதில்லை.