கொடுப்பவரின் கண்ணும் பெறுபவரின் விரலும்

ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் தமிழ்க் கடைகளில் ஊர்ச்சங்க அறிவித்தல்கள் ஒட்டப்படுவது எமக்குப் பழகிய காட்சி. ஊரில் நடத்தும் இலவசக் கண் முகாமும் இச்சங்கங்களின் பணிகளில் ஒன்று. எத்தனை கண்ணாடி கொடுத்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்பது கணக்கறிக்கையில் வரும். எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது என்பது பெரும்பாலும் வருவதில்லை. இந்தக் குறை எமக்கு மட்டும் உரியதல்ல. அதன் வரலாற்றில் ஒரு பகுதி இதே பாரிஸில் நடந்தது.

1785இல் வலந்தன் அயுயி இங்கே விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையை ஆரம்பித்தார். சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டு, விரலால் வாசிக்கப் பழக்கினார். 1786இல் மாணவர்கள் வெர்சாயில் மன்னர் முன் தம் திறமையைக் காட்டினர். பார்த்தவர்கள் வியந்தனர். ஆனால் அவ்வெழுத்து பார்வையுள்ளவருக்கே இலகுவானது. விரல் அதில் மெதுவாகவே ஊர்ந்தது. 1829இல் அதே பாடசாலையின் லூயி பிறெயில் தமது புள்ளி எழுத்தை வெளியிட்டார். மாணவர்கள் விரும்பி ஏற்றனர்; 1840இல் வந்த புதிய நிர்வாகமோ அதை ஒதுக்கியது. 1844இல் பகிரங்கமாகச் சோதித்துக் காட்டினார்கள்: சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுத, அதைக் கேட்டிராத இன்னொரு பிள்ளை வாசித்தது. பிரான்ஸ் 1854இல்தான் உத்தியோகபூர்வமாக ஏற்றது. பிறெயில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

கொடுப்பவரின் கண்ணுக்கு எது அழகாகத் தெரிகிறது என்பது ஓர் அளவுகோல். பெறுபவரின் விரலுக்கு எது உதவுகிறது என்பது வேறோர் அளவுகோல். இரண்டையும் பிரித்தறியவே ஆய்வு வேண்டும்.

இதற்கு எம்மவரிடையே நல்ல உதாரணம் மதுரை. 1976இல் டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆயிரக்கணக்கில் சத்திரசிகிச்சை செய்ததோடு திருப்திப்படவில்லை. அதன் பங்களிப்போடு தென்னிந்தியாவின் 90 கிராமங்களில் எட்டு வழிமுறைகளை ஒப்பிட்ட ஆய்வு 1991இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சை இலவசம் என்றால் மட்டும் போதாது, பயணமும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால்தான் கூடுதலானோர் வருகிறார்கள் என்று அது காட்டியது. 1999இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 48 கிராமங்களை எடுத்துக்கொண்டது. கண் கோளாறு உள்ள வளர்ந்தவர்களில் 100க்கு சுமார் 7 பேரே முகாமுக்கு வந்திருந்தனர். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு என்பன மற்றவர்களைத் தடுத்திருந்தன. முகாமில் நின்ற கூட்டத்தை மட்டும் எண்ணியிருந்தால் வீட்டில் இருந்த 93 பேரும் எந்தக் கணக்கிலும் வந்திருக்கமாட்டார்கள். 2000களில் அரவிந்த் சிற்றூர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

'ஆய்வுக்குச் செலவழிக்கும் காசில் இன்னும் பத்துக் கண்ணாடி வாங்கலாமே' என்று சங்கங்களில் கேட்கப்படும். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் கண்ணாடிக்கும் காசு கொடுத்தவர்கள் நாங்களே. பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. முகாமுக்கு முன்பு வீடு வீடாகச் சென்று 50 வயதுக்கு மேற்பட்டோரில் பார்வை குறைந்தவர்களை எண்ணலாம். வராதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களின் பின் பார்வையை மறுபடி சோதிக்கலாம். ஆறு மாதத்தின் பின் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்த கணக்கறிக்கையில் புகைப்படங்களுக்கு ஒரு பக்கம் குறைத்து, இந்த நாலு எண்களுக்கும் இடம் கொடுக்கும்படி கேட்போம். எண்கள் எமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் அச்சிடச் சொல்வோம்.