தெய்வமாக்கப்பெற்ற சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகள்

உரோமாபுரிச் சக்கரவர்த்திகளுட் சிறந்தோரெனக் கருதப்பட்டவர் இறந்தபின், செனெட் சபையார் தீர்மானஞ் செய்து அவரைத் தெய்வங்களோடு சேர்த்தல் அந்நாட்டு வழக்கம். ஈமத்தீ மூட்டுங்கால் அதன் உச்சியினின்று ஒரு கழுகைப் பறக்க விடுவர். அஃது அரசனுயிரை விண்ணுக்குக் கொண்டேகும் என நம்பினர். கி. பி. 211-ல் இறந்த செப்டிமியஸ் செவெரஸுக்கு நடந்த சடங்கை ஹெரோதியன் என்னும் சரித்திராசிரியர் விரித்துரைத்துள்ளார். மெழுகுப் பாவையொன்றைக் கட்டிலிற் கிடத்தி, ஏழு நாளும் வைத்தியர் வந்து பார்த்து, நோய் முற்றுகின்றதெனச் சொல்லிப் போவராம்! இதனை வாசிக்குந்தோறும் எமக்கு நகைப்பு வராமலில்லை.

ஆயின் இதிற் பெரும்பயன் பெற்றவன் பின்வந்த அரசனே. நமது கோயமுத்தூர்ப் பக்கத்துப் புதையல்களில் அகப்பட்ட திபேரியஸின் வெள்ளிக் காசுகளில், அவன் தன்னைத் 'தெய்வ அகஸ்தஸின் மகன்' என்றே குறித்துள்ளான்.

அங்ஙனம் சொல்லிக்கொள்ளத் தந்தையில்லாதவன் யாது செய்வான்? தன்யூபு நதிநாட்டிற் பிறந்த தேசியஸ், 249-ல் பிலிப்பு என்னும் அரசனைப் போரில் வென்று பட்டமெய்தினான். பழைய அரசர் எவர்க்கும் அவன் உறவினனல்லன். ஆதலின் டிராஜன் என்னும் புகழ்பெற்ற பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். அவனாட்சியில், 250-ஐ ஒட்டி, இறந்த சக்கரவர்த்திகள் பதினொருவர்க்கு வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. ஒரு புறம் கதிர்முடி தரித்த தலை. மறுபுறம் கழுகு அல்லது பலிபீடம். அகஸ்தஸ், வெஸ்பாசியன், டைட்டஸ், நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், கொமோடஸ், செப்டிமியஸ் செவெரஸ், செவெரஸ் அலெக்சாண்டர் என்போர் அப்பதினொருவர்.

விடுபட்டோர் யாவர் என்பதையே யாம் உற்று நோக்குகின்றோம். 54-ல் முறைப்படி தெய்வமாக்கப்பெற்ற கிளாடியஸைக் காணோம், பெர்டினாக்ஸையும் காணோம். கொமோடஸோ இருக்கின்றான்! 192-ன் இறுதியில் அவன் கொலையுண்டபோது, நாட்டின் பகைவன் என இகழ்ந்து அவன் சிலைகளை வீழ்த்தக் கட்டளையிட்டது அதே செனெட் சபை. பின்னர்ச் செவெரஸ், தன்னை மார்க்கஸ் அரேலியஸின் மகனென்று கூறிக்கொள்ள விரும்பி, கொமோடஸைச் சகோதரனாக்கித் தெய்வமுமாக்கினான். இறந்தோர் குணத்தினும் இருப்போர் தேவையே இங்கு வென்றது. வமிசாவளி வரையப் புகுவோர் இதனை ஊன்றி நோக்குவாராக.

காசின் உலோகத்தையும் சொல்லவேண்டும். இரண்டு தினாரியத்துக்கு ஈடென வழங்கிய இதன் எடை ஏறத்தாழ ஒன்றரைத் தினாரியமே. வெள்ளியோ பாதிக்குங் குறைவு. அகஸ்தஸ் தன் காலத்தில் அடித்தது ஏறக்குறைய தூய வெள்ளி. அவன் திருமுகம் இப்போது செம்பு கலந்த காசின்மேல் அமர்ந்தது.

தேவர்க்குப் பலியிடுமாறு குடிகள் அனைவர்க்கும் ஆணையிட்டவனும் இத்தேசியஸே. பலியிட்டமைக்குப் பெற்ற சான்றுச் சீட்டுக்கள் எகிப்து நாட்டிற் பல கிடைத்துள்ளன. 251-ல் அபிரிட்டஸ் என்னுமிடத்துச் சதுப்பு நிலத்தில் கோத்தியரோடு பொருது, மகனோடு மாண்டான். அவனுடல் அகப்படவில்லை என்பர்.