முதல் நிகழ்பட விளையாட்டு

திரையில் தோன்றும் உருவங்களை ஆடுபவர் தாமே இயக்கி விளையாடுவது நிகழ்பட விளையாட்டு ஆகும். இதை முதலில் உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. 1947 முதல் 1972 வரையிலான கால் நூற்றாண்டில் பலர் இதை வெவ்வேறு வழிகளில் செய்து பார்த்தனர். அவர்களுள் யாருக்குச் சட்டப்படி உரிமை கிடைத்தது என்பதை, யார் முந்தினார் என்பதைவிட, யார் எழுதி வைத்துக் காப்புரிமை பெற்றார் என்பதே தீர்மானித்தது.

தொடக்க முயற்சிகள்

அமெரிக்காவின் தாமஸ் கோல்ட்ஸ்மித்தும் எஸ்டில் ரே மேனும் 1947 சனவரியில் ஒரு கேத்தோடு கதிர்க் குழாய் விளையாட்டுக் கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். குமிழ்களைத் திருகி, திரையில் ஓடும் ஒளிப்புள்ளியை இலக்கை நோக்கிச் செலுத்த வேண்டும். இரண்டாம் உலகப்போர்க்கால ராடார் திரைகளே இதற்கு முன்மாதிரி. 1948 திசம்பரில் காப்புரிமை கிடைத்தும் கருவி விற்பனைக்கு வரவில்லை.

1952-இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் தம் ஆய்வேட்டுக்காக, கட்டங்களில் வட்டமும் பெருக்கல் குறியும் இடும் ஆட்டத்தை எட்சாக் கணினியில் அமைத்தார். ஆடுபவர் தொலைபேசிச் சுழல்வட்டைச் சுழற்றித் தம் கட்டத்தைத் தெரிவு செய்வார். எட்சாக் அங்கு மட்டுமே இருந்ததால் விளையாட்டு வெளியே பரவவில்லை.

இருவருக்கான டென்னிஸ்

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம், முதல் அணுகுண்டுத் திட்டத்துக்கு மின்னணுச் சுற்றுகள் அமைத்தவர். பின்னர் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டவர். ஆய்வகத்தைக் காண வரும் பொதுமக்கள் அசையாக் காட்சிப்பொருள்களைக் கண்டு சலிப்பதை உணர்ந்த அவர், அவர்களே இயக்கிப் பார்க்க ஒன்றைச் செய்ய விரும்பினார். ஆய்வகத்திலிருந்த ஒப்புமைக் கணினியின் கையேட்டில் தோட்டா, ஏவுகணை, துள்ளும் பந்து ஆகியவற்றின் பாதைகளை வரையும் முறை விளக்கப்பட்டிருந்தது. அவர் பந்தை எடுத்துக்கொண்டார்.

ராபர்ட் டுவோராக் கட்டிமுடித்த அந்த விளையாட்டு 1958 அக்டோபர் 18 அன்று ஐந்து அங்குல அலைவுகாட்டித் திரையில் காட்டப்பட்டது. பக்கவாட்டில் தெரியும் களம், நடுவில் வலை, வளைந்து பறக்கும் ஒளிப்புள்ளி. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று ஆடினர். அடுத்த ஆண்டு பெரிய திரையுடன் மீண்டும் காட்டப்பட்டபின், பாகங்கள் வேறு பணிகளுக்குத் தேவைப்பட்டதால் கருவி பிரிக்கப்பட்டது. ஹிகின்பாதம் காப்புரிமை கோரவில்லை.

விண்வெளிப் போர்

1962-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் பி.டி.பி.-1 கணினிக்கு 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினர். இரு விண்கலங்கள் ஒரு விண்மீனின் ஈர்ப்பில் சிக்காமல் ஒன்றையொன்று சுடும். நிரல் இலவசமாகப் பகிரப்பட்டதால் பிற ஆய்வுக்கூடங்களுக்கும் பரவியது. ஆனால், அந்தக் கணினியின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். வீடுகளிலோ கடைகளிலோ அதை வைக்க வழியில்லை.

பழுப்புப் பெட்டி

நாசி செருமனியிலிருந்து 1938-இல் குடும்பத்துடன் தப்பிவந்த யூதரான ரால்ஃப் பேயர், நியூ ஹாம்சயரின் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்னும் பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். வீட்டிலுள்ள தொலைக்காட்சியிலேயே விளையாட முடியும் என்ற எண்ணத்தை 1966 செப்டம்பர் 1 அன்று நான்கு பக்கங்களில் எழுதினார். பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோருடன் அவர் உருவாக்கிய மாதிரி 'பழுப்புப் பெட்டி' எனப்பட்டது. மேக்னவாக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதை 1972-இல் 'ஒடிசி' என்ற பெயரில் விற்றது. அதில் ஒலி கிடையாது. களத்தின் படம் அச்சிட்ட நெகிழித் தாளைத் தொலைக்காட்சித் திரைமேல் ஒட்டி ஆட வேண்டும்.

பாங்கும் வழக்கும்

1972 மே மாதம் கலிபோர்னியாவில் நடந்த ஒடிசி அறிமுக நிகழ்ச்சிக்கு வந்த நோலன் புஷ்நெல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் அவரும் டெட் டாப்னியும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கே ஆலன் அல்கார்ன் உருவாக்கிய, காசு போட்டு ஆடும் 'பாங்' பெரும் வெற்றி பெற்றது. 1974-இல் மேக்னவாக்ஸ் வழக்குத் தொடுத்தபோது அந்தக் கையெழுத்தும் பேயரின் தேதியிட்ட குறிப்புகளும் சான்றுகளாயின. அட்டாரி 1976-இல் சமரசம் செய்துகொண்டு உரிமம் பெற்றது. மற்ற நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் 1977-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஜான் கிரேடி, பேயரின் காப்புரிமையை இத்துறையின் முன்னோடி என ஏற்றார்.

1980-களில் நிண்டெண்டோ, ஹிகின்பாதத்தின் டென்னிசை முன்சான்றாகக் காட்டி அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்க முயன்றது. அலைவுகாட்டியில் தொலைக்காட்சிக்குரிய நிகழ்படக் குறிகை இல்லை என்பதால் முயற்சி தோற்றது. 'நிகழ்படம்' என்ற சொல்லின் வரையறையே முதல்வர் யார் என்பதை முடிவுசெய்தது.

பின்னாளில்

பேயருக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. பழுப்புப் பெட்டி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹிகின்பாதம் 1994-இல் காலமானார். 1997-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் பொன்விழாவுக்காக, பிரிக்கப்பட்ட அந்த டென்னிஸ் விளையாட்டை அங்குள்ளோர் மீண்டும் கட்டினர். மூன்று வாரங்களில் பிறந்த கருவியைத் திரும்பச் செய்ய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அதன் பழைய பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை.