மோர்கம் கடற்கரை மீட்டெடுப்பு

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டக் கடற்கரை நகரான மோர்கம்மிற்குப் புத்துயிரூட்ட, லங்காஸ்டர் மாநகர மன்றம் அரசு நிதி கோரிய முயற்சி. 1974 ஆட்சிச் சீரமைப்பில் மோர்கம் தன் தனி மன்றத்தை இழந்து லங்காஸ்டரோடு சேர்ந்தது. அதனால் ஊருக்காகப் பேச வேண்டிய பொறுப்பு பக்கத்து நகரத்திடம் போனது.

இரயில் வந்ததால் வளர்ந்த ஊர் இது. வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு இங்கே குவிந்தார்கள். மலிவு விமானப் பயணம் அவர்களை ஸ்பெயினுக்கு அழைத்துப் போன பிறகு சரிவு தொடங்கியது. மேற்குத் துறைமேடையை 1977இல் புயல் சிதைத்தது. நடுத் துறைமேடை 1992இல் இடிக்கப்பட்டது. 1933இல் கட்டிய மிட்லண்ட் ஓட்டல் மட்டும் பழுதுபார்க்கப்பட்டு 2008இல் மீண்டும் திறந்தது.

கார்ன்வாலில் பழைய களிமண் குழியொன்றைத் தாவரக்கூடமாக்கிய ஈடன் நிறுவனத்தை, அதுபோன்றதொன்றை மோர்கம்மிலும் அமைக்க மன்றம் கூட்டாளியாக்கிக் கொண்டது. சிப்பி வடிவக் கூடங்கள், கல் துறைமேடைக்கு அருகே இடம், 2022 ஜனவரியில் கட்டட அனுமதி என்று எல்லாம் கூடிவந்தும் பணம் மட்டும் வரவில்லை. அதனால் மன்றம் அரசின் வட்டாரச் சமநிலை நிதிக்கு விண்ணப்பித்து, 2023 ஜனவரியில் 5 கோடி பவுண்டு பெற்றது. மொத்தச் செலவுக்கு அது போதாது. மீதியைத் தனியார் கொடையிலும் முதலீட்டிலும் திரட்ட வேண்டியிருந்தது. ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிதி பெற்ற இம்முறையில், விண்ணப்பம் எழுதவே ஆள்பலம் இல்லாத சிறு மன்றங்கள் பின்தங்கின என்ற விமர்சனம் நியாயமானதே.