இலவசம்* (நிபந்தனைகளுக்கு உட்பட்டது)

குமணன்சாவடி பக்கமும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கமும் ரோட்டோரமா குடையை நட்டு, கீழ ஒரு பிளாஸ்டிக் டேபிள் போட்டு சிம் விக்கிற பசங்களை இந்தப் பக்கம் வந்தவங்க பார்த்திருப்பீங்க. டேபிள்ல தொங்குற ஃப்ளெக்ஸ்ல "இலவசம்"னு கொட்டை எழுத்துல, தமிழ்ல. பக்கத்துல ஒரு குட்டி நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு கீழ போனா கொசு சைஸ்ல ரெண்டு வரி, இங்கிலீஷ்ல. ஆஃபர் எல்லாருக்கும், கண்டிஷன் மட்டும் பூதக்கண்ணாடி வெச்சிருக்கிறவங்களுக்கு :-)

இது பொய் விளம்பரமா இல்லையா? ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல இதைப் பத்திப் பெரிய சண்டையே நடந்தது. "சும்மாவா குடுப்பான்? இதுகூடத் தெரியாம வாங்குறவன் மேலதான் தப்பு"ன்னு ஒரு கோஷ்டி. நான் எதிர்க் கோஷ்டி. ஆனா வாதத்துக்கு ஆதாரம் வேணுமே. அதுக்காக நம்ம ஊர் மொபைல் இலவசங்களோட ஜாதகத்தைப் பின்னாடி இருந்து புரட்டிப் பார்த்தேன். அந்த வரலாறு சண்டையைவிட சுவாரசியமா இருந்தது.

1995 ஜூலை 31-ல ஜோதிபாசு கல்கத்தாவுல இருந்து டெல்லியில சுக்ராமுக்கு முதல் மொபைல் கால் போட்டாரு. அதுக்கப்புறம் பல வருஷம் நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கொடுக்கணும். ரிங் வந்தா நம்பரைப் பார்த்துட்டு கட் பண்ணி, பக்கத்துல இருக்கிற பி.சி.ஓ.வுக்கு ஓடுவாங்கன்னு அப்பா சொல்லுவார். 2003 மே மாசம் இன்கமிங் ஃப்ரீ ஆச்சு. கூப்பிடுறவர் காசு கொடுப்பார்ங்கிற முறை மாற்றம்தான் அது. அது நெஜமாவே நல்ல மாற்றம், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

அதே 2003 ஜூலையில வந்ததுதான் ரிலையன்ஸ் இன்ஃபோகாமோட மான்சூன் ஹங்காமா. 501 ரூபாய் கட்டு, கையில போனு. மிச்சத்தை மாசாமாசம் பில்லோட சேர்த்துக் கட்டணும். அது சி.டி.எம்.ஏ. போன், கழட்டி மாட்டுற சிம் கிடையாது, நம்பரே போனுக்குள்ள எழுதியிருக்கும். கம்பெனி மாறணும்னா போனையே தூக்கிப் போடணும். அமெரிக்கால, ஐரோப்பால எல்லாம் பல காலமா ஓடுற வித்தை இது. போன் விலையைக் குறைச்சுக் காட்டி ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல அதை வசூல் பண்றது. இங்க என்ன ஆச்சுன்னா, நம்ம மக்கள் அதுக்கும் மேல. நிறைய பேர் போனை வாங்கிட்டு பில்லைக் கட்டவே இல்ல. அட்ரஸைத் தேடிப் போனா அப்படி ஒரு ஆளே இல்ல. வராக்கடன்னு கம்பெனி பெருந்தொகையைத் தள்ளுபடி பண்ண வேண்டியதாப் போச்சு. யார் யாரை ஏமாத்துனாங்கன்னு கேட்டா, இந்த ஒரு ரவுண்டுல பாயிண்ட் ஜனங்களுக்குத்தான்!

என்னோட தியரி இங்கதான் ஆரம்பிக்குது. அந்த அடியில கம்பெனிகள் கத்துக்கிட்ட பாடம்: இந்தியாவுல கொடுத்துட்டு வசூல் பண்ண முடியாது, வாங்கிட்டுத்தான் கொடுக்கணும். அதனாலதான் நம்ம ஊர் இலவசம் வெளிநாட்டு இலவசம் மாதிரி இருக்காது. அங்க காசு பின்னாடி போகும். இங்க முன்னாடியே போயிடும்.

முதல் உதாரணம் "லைஃப்டைம்". 2005 டிசம்பர் வாக்குல 999 ரூபாய் கட்டுங்க, வாழ்நாள் முழுக்க இன்கமிங் இலவசம்னு ஏர்டெல்ல இருந்து எல்லாரும் வரிசையா இறங்கினாங்க. யாரோட வாழ்நாள்? அதுதான் கேள்வி. உங்க வாழ்நாளா, போனோட வாழ்நாளா? கம்பெனிக்குக் கிடைச்ச லைசன்ஸே 20 வருஷத்துக்குத்தான். 2006 மார்ச்சுல டிராய் தலையிட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. லைஃப்டைம்னா கம்பெனியோட லைசன்ஸும், அது புதுப்பிக்கப்பட்டா அந்தக் காலமும் சேர்த்து இருக்கிற வரைக்கும் கொடுத்தே ஆகணும். லைசன்ஸ் எந்த மாசம் எந்த வருஷம் முடியுதுன்னு வாடிக்கையாளருக்குச் சொல்லணும். விளம்பரத்துல "வாழ்நாள்", சட்டத்துல "லைசன்ஸ் காலம்". கூடவே ஆறு மாசத்துக்கு ஒரு தரமாவது ரீசார்ஜ் பண்ணணும்னு நட்சத்திரக் குறிக்குக் கீழ ஒரு வரி.

எங்க பெரியப்பா இப்படி ஒரு லைஃப்டைம் சிம் வெச்சிருந்தார் (கம்பெனி பேரு வேணாம், விடுங்க). ஊர்ல இருந்து வர்ற காலை எடுக்க மட்டும்தான் அது. அவர் கணக்குல அது ஒரு சொத்து, நிலப் பத்திரம் மாதிரி. 2018 கடைசியில ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணாட்டி இன்கமிங் கட். மனுஷன் அந்தப் பழைய அட்டையை எடுத்துக்கிட்டு கடைகடையா ஏறி இறங்கினார். கடைக்காரப் பையனுக்கு அப்படி ஒரு திட்டம் இருந்ததே தெரியாது.

அது அவருக்கு மட்டும் நடந்ததில்ல. 2018-ல ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளைக்கு 35 ரூபாய்னு குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தாங்க. போன்ல பேலன்ஸ் இருக்கிறவங்களுக்கே கட் பண்ணப்போறோம்னு மெசேஜ் போனதால, அந்த நவம்பர்ல டிராய் குறுக்க வந்து அப்படிச் செய்யாதீங்கன்னு சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் பிப்ரவரியில ஏர்செல் கதை. 1999-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச கம்பெனி அது, சிக்னல் செத்து, திவால் மனு போட்டு, ஜனங்க போர்ட் பண்ண கோடு கிடைக்காம அலைஞ்சாங்க. அங்க லைஃப்டைம் வாங்கினவங்களுக்குக் கம்பெனியோட லைஃப்டைமே முடிஞ்சு போச்சு.

நடுவுல ஐபோன் கதை ஒண்ணு. 2008 ஆகஸ்ட்ல ஐபோன் 3ஜி இங்க 31,000 ரூபாய்க்கு வந்தப்போ, அமெரிக்கால 199 டாலர்தானேன்னு ஊரே கொதிச்சது. அந்த 199-க்குப் பின்னாடி ரெண்டு வருஷ ஒப்பந்தம் இருந்ததை யாரும் கூட்டிப் பார்க்கல. 2013 நவம்பர்ல ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அதே மாடலை இங்கயே கொண்டு வந்தது. ஐபோன் 5எஸ், முன்பணம் பூஜ்யம், மாசம் 2,999, 24 மாசம், கிரெடிட் கார்டு கட்டாயம். மொத்தம் 71,976. கடையில அந்தப் போன் 53,500. ஆக பேச்சு, 3ஜி எல்லாத்துக்கும் மாசம் கிட்டத்தட்ட 770 ரூபாய். இதை நான் ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நம்பரும் முன்னாடியே இருக்கு, பெருக்கத் தெரிஞ்சா போதும்.

ஜியோவுக்கு வருவோம். நான் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தப்போ ஹாஸ்டலே அந்த சிம்முக்கு வரிசையில நின்னது. 2016 செப்டம்பர் 5-ல இருந்து டிசம்பர் 31 வரை வெல்கம் ஆஃபர், அப்புறம் 2017 மார்ச் 31 வரை ஹேப்பி நியூ இயர் ஆஃபர். சலுகைன்னா 90 நாளுக்கு மேல போகக்கூடாதுன்னு டிராய் விதி. பேரையும் அளவையும் மாத்தினதால ரெண்டாவது ஆஃபர் தனின்னு கணக்காச்சு. மூணாவதா வந்த சம்மர் சர்ப்ரைஸைத்தான் ஏப்ரல்ல டிராய் சொல்லி வாபஸ் வாங்க வெச்சாங்க. சத்தியமாச் சொல்றேன், அந்த ஆறேழு மாசம் நெஜமாவே இலவசம். ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் வாக்குல கொடுத்துக்கிட்டு இருந்த பையன் அதுல தப்பு கண்டுபிடிக்க மாட்டான். "வாய்ஸ் கால் என்னைக்குமே ஃப்ரீ"ன்னு சொன்னது வேற விஷயம். 2019 அக்டோபர்ல மத்த நெட்வொர்க்குக்கு நிமிஷத்துக்கு 6 பைசான்னு போட்டு, 2021 ஜனவரி 1-ல தான் எடுத்தாங்க. பதினஞ்சு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மியா "என்னைக்குமே" லீவுல இருந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாறுல முக்கியமான கேஸ் ஜியோபோன்தான். 2017 ஜூலை 21-ல அறிவிச்சாங்க. "எஃபெக்டிவ் விலை பூஜ்யம்." தலைப்புச் செய்தி எல்லாம் "இலவச 4ஜி போன்". 500 ரூபாய் புக்கிங்ல, 1,000 ரூபாய் டெலிவரியில, மொத்தம் 1,500 டெபாசிட். மூணு வருஷம் கழிச்சு திருப்பித் தருவோம். கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்ல?

செப்டம்பர்ல போன் கைக்கு வர்ற நேரத்துல நிபந்தனை வெளிய வந்தது. வருஷத்துக்கு 1,500 ரூபாய்க்காவது ரீசார்ஜ் பண்ணணும். முதல் வருஷத்துல போனைத் திருப்பிக் கொடுத்தா 1,500 பிடிப்பாங்க, ரெண்டாவது வருஷம்னா 1,000, மூணாவது வருஷம்னா 500, ஜி.எஸ்.டி. தனி. எல்லாத்துக்கும் மேல, முழு டெபாசிட் வேணும்னா மூணு வருஷம் முடிஞ்சப்புறம் போனைத் திருப்பிக் கொடுக்கணும். சொந்தமா வெச்சுக்கிட்டா டெபாசிட் கிடையாது. அப்போ அது இலவசப் போன் இல்ல, அட்வான்ஸ் வாங்கிட்டுக் கொடுத்த வாடகைப் போன். கணக்கு போட்டுடுவோம்: அப்போ இருந்த 153 ரூபாய் பிளான், 28 நாளைக்கு ஒரு தரம், வருஷத்துக்கு 13 தடவை, மூணு வருஷத்துக்கு 5,967. (28 நாளை "மாசம்"னு சொல்லி வருஷத்துல பதிமூணாவது ரீசார்ஜ் வாங்குறதும் ஒரு சின்ன கைவேலைதான். 2022 ஜனவரியில தான் 30 நாள் பிளான் ஒண்ணாவது வெச்சிருக்கணும்னு டிராய் சொன்னது.)

போன் உபயோகமில்லன்னு சொல்ல வரல. எங்க தெருவுல முதல்முறையா யூட்யூப் பார்த்த ஆயாக்கள் எல்லாம் அதுலதான் பார்த்தாங்க. 1,500 ரூபாய்க்கு 4ஜி போன்னு நேராச் சொல்லியிருந்தாலும் வித்திருக்கும். அப்புறம் எதுக்கு அந்தப் பூஜ்யம்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு ஒரு பழமொழி இருக்குல்ல, அந்த மனநிலைக்குத்தான். இலவசம்னு காதுல விழுந்த உடனே நாம பல்லைப் பார்க்கிறதை நிறுத்திடறோம். பணம் போறதைவிட அந்தப் பார்க்கிற வேலை நின்னு போறதுதான் கம்பெனிக்கு லாபம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தப்போதான் எனக்கு ஆச்சரியம். 1984-லயே எம்.ஆர்.டி.பி. சட்டத்துல திருத்தம் போட்டுட்டாங்க: மொத்தமா வாங்குற காசுலயே ஒரு பொருளோட விலை முழுசாவோ பாதியாவோ அடங்கியிருக்கும்போது, அதை இலவசம்ங்கிற மாதிரி தோணவெச்சா அது முறையற்ற வணிகம். அதே விஷயம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் வந்து, 2019 சட்டத்துலயும் இருக்கு. அமெரிக்கால 1971-லயே வர்த்தக ஆணையம் இன்னும் தெளிவா சொல்லிடுச்சு: இலவசத்துக்கான நிபந்தனையை ஆரம்பத்துலயே சொல்லணும், நட்சத்திரம் போட்டு அடியில எழுதினா அது சொன்னதா ஆகாது. நம்ம ஊர் குடைக்கு அரை நூற்றாண்டு முன்னாடி!

அப்போ ஏன் யாரும் கேஸ் போடல? இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். 2009 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றம், டெலிபோன் தகராறுக்கு 1885-ம் வருஷத் தந்திச் சட்டத்தோட 7-பி பிரிவுல நடுவர் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாதுன்னு சொல்லிடுச்சு. அது ஒரு லேண்ட்லைன் கேஸ். ஆனா அதையே மொபைல் கம்பெனிகளும் கேடயமாப் பிடிச்சுக்கிட்டாங்க. 2022 பிப்ரவரி 16-ல வோடஃபோன் ஐடியா வழக்குல தான், நுகர்வோர் மன்றத்துக்குத் தாராளமாப் போகலாம்னு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நடுவுல பன்னெண்டரை வருஷம். டேட்டா கார்டு காலம், 3ஜி, ஜியோ, ஜியோபோன், 35 ரூபாய் ரீசார்ஜ் எல்லாமே அந்தப் பன்னெண்டரை வருஷத்துக்குள்ள அடங்கிடுது. 501, 999, 1,500-க்கெல்லாம் வக்கீல் வெச்சு நடுவரைத் தேடிப் போறவன் யாரு?

2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. விளம்பரத்துக்குப் பதில் சொல்றதுக்கும் டெலிவரிக்கும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேற காசு வாங்கினா "இலவசம்"னு சொல்லக்கூடாது. பேக்கேஜ் விலையிலயே அடங்கினதை இலவசம்னு பிரிச்சுக் காட்டக்கூடாது. வாடிக்கையாளர் எதுக்கெல்லாம் கட்டுப்படணும்னு தெளிவாச் சொல்லணும். எனக்குப் பிடிச்ச வரி, பொறுப்புத் துறப்பு எந்த மொழியில விளம்பரமோ அதே மொழியில, அதே எழுத்துல இருக்கணும்ங்கிறது. தமிழ்ல இலவசம்னா தமிழ்லயே கண்டிஷன். முதல் தப்புக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை அபராதம். நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருவள்ளூர். 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் கிடையாது. 1915-க்கு போன் போட்டாலும் பதிவு பண்ணிக்குவாங்க.

இவ்வளவும் வந்தப்புறம் 2025 அக்டோபர் 30-ல வந்தது அடுத்த ஜாதகம். ஜியோவுல ஜெமினி புரோ 18 மாசம் இலவசம், மதிப்பு 35,100 ரூபாய். கண்டிஷன், 349 ரூபாயில ஆரம்பிக்கிற அன்லிமிட்டெட் 5ஜி பிளான் அந்த 18 மாசமும் உயிரோட இருக்கணும். 349 பிளான் 28 நாளைக்கு. 18 மாசத்துக்கு 20 ரீசார்ஜ், 6,980 ரூபாய். ஏற்கனவே அந்தப் பிளான்ல இருக்கிறவனுக்கு இது நெஜமாவே இலவசம், ஒத்துக்கிறேன். இதுக்காகவே 299-ல இருந்து 349-க்கு ஏறினவனுக்கு ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் 50 ரூபாய் கூட, ஆக 1,000 ரூபாய். ஒரே ஆஃபர், ரெண்டு பேருக்கு ரெண்டு விலை. ஃப்ளெக்ஸ்ல மட்டும் ஒரே வார்த்தை.

முதல் நாளே அதை எடுத்தவங்களுக்கு 18 மாசம் 2027 ஏப்ரல் கடைசியில முடியுது. அப்போ என்ன எஸ்.எம்.எஸ். வருதுன்னு பார்த்துட்டு இதோட ரெண்டாம் பாகம் எழுதறேன். உங்க வீட்டுல பழைய லைஃப்டைம் அட்டை யாராவது பத்திரமா வெச்சிருந்தா, அதுல நட்சத்திரத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. பெரியப்பாவோடது மடிஞ்சு மடிஞ்சு அந்த வரி மட்டும் அழிஞ்சு போச்சு.