முள்வேலிக்குள் ஒரு கட்டில்

பெருநகர உடற்பயிற்சிக் கூடங்களின் பலகைகளில் 'பிலாட்டீஸ்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். அவர் சிறைப்பட்டிருந்தவர்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்து, முதல் உலகப்போருக்குச் சற்று முன் இங்கிலாந்துக்கு வந்தார். போர் மூண்டதும் அங்கிருந்த ஜெர்மானியர் எதிரிநாட்டு அன்னியர் ஆயினர். 1915 மே மாதம் லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபின் ஆண்கள் பெருமளவில் அடைக்கப்பட்டனர்: முடிதிருத்துவோர், உணவக ஊழியர், மாலுமிகள். குற்றமில்லை, விசாரணையில்லை, விடுதலைத் தேதியுமில்லை. பிலாட்டீஸ் முதலில் லங்காஸ்டரிலும், பின் 1919 வரை ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கேலோ முகாமிலும் இருந்தார். 5,000 பேருக்கெனத் திட்டமிட்ட அம்முகாமில் ஒரு கட்டத்தில் சுமார் 23,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தனர்.

முடிவு தெரியாத அடைப்பு மனிதனை என்ன செய்யும்? போர்க்கால முகாம்களைப் பார்வையிட்ட சுவிஸ் மருத்துவர் அடால்ஃப் லூகாஸ் விஷர் 1918இல் வெளியிட்ட நூலுக்கு 'முள்வேலி நோய்' என்றே தலைப்பிட்டார். தூக்கமின்மை, மறதி, எரிச்சல், எதிலும் மனம் ஊன்ற இயலாமை, உடனிருப்பவர்மீது ஓயாத சந்தேகம்.

வேலிக்கு வெளியே, காயமுற்ற படைவீரர்களுக்காக அல்மெரிக் பேஜட் மசாஜ் படை 1914 முதலே பயிற்சிபெற்ற பெண்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கம் 1920இல் அரச சாசனமும் பெற்றது. வேலிக்குள்ளே சக கைதிகளுக்குப் பயிற்சியளித்தவர் ஒரு குத்துச்சண்டைக்காரர்.

எழ முடியாத நோயாளிகளின் கட்டில்களில் சுருள்விற்களைப் பொருத்தி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பழகச் செய்தார் என்பது மாணவர் வழியாக வந்த கதை. 1918இன் விஷக்காய்ச்சலில் அவரிடம் பயின்ற ஒருவரும் இறக்கவில்லை என்றும் சொல்வார்கள். இதை நான் நம்பவில்லை. தலபுராணம் என்றால் ஓர் அற்புதம் வந்தே தீரும். சுருள்வில் கதையிலும் ஐயத்துக்கு இடமுண்டு. கைதிகள் உறங்கியது பலகைமேல் விரித்த வைக்கோல் மெத்தையில். ஆயினும் அக்கதைக்குள் இருக்கும் எண்ணம் என்னைக் கவர்கிறது. நோயாளி எழட்டும் என்று காத்திராமல், அவன் கிடக்கும் இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவது. அவனை அடைத்து வைத்திருக்கும் அதே பொருளைக்கொண்டு தொடங்குவது.

நான்காண்டுகள் பிறர் கட்டுப்பாட்டில் வாழ்ந்தவர் தம் முறைக்கு வைத்த பெயர் 'கண்ட்ராலஜி'. 1926இல் நியூயார்க்குக்குச் சென்றார். காயமுற்ற நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர் அமைத்த பெரிய கருவியொன்று நான்கு கம்பங்களும் மேற்சட்டமும் தொங்கும் சுருள்விற்களுமாக, மருத்துவமனைக் கட்டிலைப் போலவே இன்றும் இருக்கிறது. பெயர் மட்டும் 'கேடிலாக்'.